"150 மணி நேரச் சோதனை" என்ற சான்றிதழை நம்பி 1,860 வெள்ளியை இழந்தேன்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். இன்று காலை வந்த கடைசிப் பதிலைப் பார்த்த கோபம் தணிவதற்குள் எழுதுகிறேன். எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங் ஒரு செட்டுக்கு நான் கொடுத்த தொகை 1,860 வெள்ளி (ரிங்கிட்).

கைப்பேசிச் செயலி ஒன்றில் உதிரிபாகம் விற்கும் கடை அது. "விமான பிஸ்டன் எஞ்சின் தரம், 150 மணி நேரத் தாங்குதிறன் சோதனையில் தேறியது" என்று போட்டிருந்தார்கள். அந்த 150 என்ற எண்தான் என்னை வீழ்த்தியது. விமான எஞ்சின்களைப் பற்றிப் படிப்பது எனக்குப் பழைய பித்து. அமெரிக்க விதிப்படி ஒரு புதிய வகை பிஸ்டன் எஞ்சின் 150 மணி நேரம் ஓடிக் காட்ட வேண்டும் என்பதும், அதில் 30 மணி நேரம் ஐந்து நிமிடம் மேலெழும்பும் வலுவிலும் ஐந்து நிமிடம் பயண வலுவிலும் மாறி மாறி ஓட்டப்படும் என்பதும், பிறகு எஞ்சினை முழுதாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அழைத்தபோது விற்பனையாளர் தமிழிலேயே பேசினார். "அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? எஃகு முதுகு, நடுவில் ஈய வெண்கலம், மேலே ஈயமும் இண்டியமும் கலந்த பூச்சு" என்று அவர் அடுக்க, எண்ணெயில் உண்டாகும் அமிலம் ஈயத்தை அரிக்காதிருக்கவே இண்டியம் என்ற மென்மையான உலோகத்தைச் சேர்க்கிறார்கள் என்று நானே அவருக்கு விளக்கினேன். "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்றார். வாங்குபவனே விற்பவனுக்குப் பாடம் நடத்தும் இடத்தில் சந்தேகம் எங்கிருந்து வரும்? செயலி வழியாகக் கட்டினால் விலை கூடும் என்றதால், 1,860 வெள்ளியை நேராக வங்கிக் கணக்கிற்கே அனுப்பினேன்.

அந்த 150 மணி நேரம் முழு எஞ்சினின் வடிவமைப்புக்கு உரிய சோதனை. கடையில் தனியே விற்கும் ஒரு பேரிங் செட்டுக்கு அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை. அது ஆயுளுக்கான உறுதியும் அன்று; சிறு விமான எஞ்சின்கள் பலவற்றுக்கு முழுப் பழுதுபார்ப்பு இடைவெளியே 2,000 மணி நேரம்.

என் லாரியில் பதினொன்றாம் நாளே எண்ணெய் அழுத்தம் சரிந்தது. திறந்து பார்த்தால் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து, கிராங்க்கில் கோடு விழுந்திருந்தது. ஒரு பேரிங்கை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். வெண்கலத்தின் செம்மை மருந்துக்கும் இல்லை.

முதலில் எண்ணெய் சரியில்லை என்றார்கள். விலை உயர்ந்த எண்ணெயின் ரசீதை அனுப்பியதும், பொருத்தியவர் தவறு என்றார்கள். பொருத்தியவன் நான், முப்பது ஆண்டுகளாக இதே வேலை. பிறகு மேலாளர் விடுப்பில் இருந்தார். செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று இன்று காலை கைகழுவிவிட்டார்கள். அண்ணே என்றவர் இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. 1,860 வெள்ளி, கிராங்க் கடைசல் செலவைச் சேர்க்காமல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். சான்றிதழ் காட்டினால் யார், எந்த எஞ்சினில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பொருத்துமுன் பெட்டியையும் பாக எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பியதும் சந்தேகம் வந்தால் உடனே மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையத்தை 997இல் அழையுங்கள். எனக்குக் காலம் கடந்துவிட்டது. போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். லாரி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது.