கெய்ன் காப்பகம்: வட அயர்லாந்து வரலாறு நடத்துகிறவர்கள் பார்வையில்

அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெய்ன் இணையத்தளத்தை முதல்முறை திறக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய தளம். முகமும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். அடுக்கடுக்கான இணைப்புகள், பொடி எழுத்து. கைப்பேசியில் படித்தால் கண் வலிக்கும். ஆனாலும் பிரிட்டனோடு நீடிப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று 1968க்குப் பிறகு மூண்ட வட அயர்லாந்து மோதலை வகுப்பில் எடுக்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்வது கடினம். கணக்குத் தொடங்கச் சொல்லாது, காசு கேட்காது. பெரும்பாலும் வெறும் எழுத்துப் பக்கங்கள் என்பதால் மந்தமான இணைப்பிலும் சட்டென்று திறக்கும். அச்சு எடுத்தாலும் சிதறாது.

உள்ளே என்ன இருக்கிறது? மார்ட்டின் மெலாஃப் தொகுத்த, ஆண்டுவாரியான நாள்வரிசை. முக்கிய நிகழ்வுகளுக்குத் தனித்தனிப் பக்கங்கள்: 1968 அக்டோபர் 5 டெர்ரி நகர சிவில் உரிமை ஊர்வலம், விசாரணையின்றிச் சிறை, 1974 மே மாத அல்ஸ்டர் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1981 உண்ணாவிரதம் என்று. விசாரணைக் குழு அறிக்கைகளும் ஒப்பந்தங்களும் முழு வாசகமாகக் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேல், மால்கம் சட்டன் தொகுத்த இறந்தோர் பட்டியல்.

ஆனால் இது பாடநூல் இல்லை. பாடக் குறிப்போ பயிற்சித் தாளோ விடைக் குறிப்போ தேடாதீர்கள். வட அயர்லாந்தின் சிசிஇஏ தேர்வு வாரியத்தின் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் தேர்வு) வரலாற்றில் 1965 முதல் 1998 வரையிலான காலம் ஒரு விருப்பப் பகுதியாக இருக்கிறது. அதற்குத் தயாராகும் மாணவரிடம் தள முகவரியை மட்டும் கொடுத்துப் ‘பார்த்துக்கொள்’ என்றால், அரை மணி நேரத்தில் எங்கேயோ தொலைந்துபோவார். ஆசிரியர் முன்கூட்டியே உள்ளே புகுந்து, வேண்டிய நான்கைந்து பக்கங்களை மட்டும் எடுத்து வந்தால்தான் பயன்.

எதை எடுப்பது? முதலில், 1968 அக்டோபர் முதல் நடந்த கலவரங்களை விசாரித்து 1969 செப்டம்பரில் வந்த கேமரன் அறிக்கை. முழுதும் வேண்டாம். டெர்ரி நகராட்சியின் 1967 வாக்காளர் கணக்கு வரும் சிறு அட்டவணை ஒன்றே ஒரு முழு வகுப்புக்குப் போதும். மூன்று வார்டுகள். வடக்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர் 2,530, மற்றவர் (பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்டுகள்) 3,946, கவுன்சிலர் இடம் 8. வாட்டர்சைடில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697, இடம் 4. தெற்கு வார்டில் கத்தோலிக்கர் 10,047, மற்றவர் 1,138, இடம் 8.

இதை அப்படியே கரும்பலகையில் எழுதி, யார் நகராட்சியைப் பிடித்திருப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள். கூட்டிப் பார்ப்பவர்கள் கத்தோலிக்கர் 14,429, மற்றவர் 8,781 என்று கண்டு, கத்தோலிக்கரின் ஆதரவு பெற்ற, அயர்லாந்தோடு சேர விரும்பும் நேஷனலிஸ்ட்டுகள்தான் என்பார்கள். வார்டுவாரியாகப் போனவர்கள் வேறு விடைக்கு வருவார்கள்: வடக்கில் 8, வாட்டர்சைடில் 4, ஆக பிரிட்டனோடு நீடிக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகளுக்கு 12, தெற்கில் பத்தாயிரம் பேரை ஒரே வார்டில் அடைத்து வைத்ததால் எதிர்த்தரப்புக்கு வெறும் 8. வாக்காளரில் 62 சதவீதம், இடத்தில் 40 சதவீதம். வார்டு எல்லையை இழுத்துத் தேர்தலை வெல்வது எப்படி என்பதற்கு இவ்வளவு சுருக்கமான சான்று அபூர்வம். ஆசிரியர் வாயைத் திறக்கவே வேண்டாம், எண்களே பேசும்.

இங்கே மாணவர்கள் தவறாமல் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘கத்தோலிக்கருக்கு ஓட்டே இல்லை’ என்று விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். உள்ளாட்சித் தேர்தலில் முக்கியமாக வீட்டு வரி கட்டும் குடித்தனக்காரருக்கும் அவர் துணைக்கும் வாக்கு; உள்வாடகைக்கு இருப்பவருக்கும் பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் கிடையாது. இந்த விதி ஏழைப் புராட்டஸ்டண்ட்டுகளையும் அடித்தது. வீடில்லாதவர்கள் கத்தோலிக்கரிடையே அதிகம் என்பதால் அவர்களை அதிகமாக அடித்தது. ஒரு நகராட்சி வீடு யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பது ஏன் அத்தனை பெரிய சண்டையானது என்பதும் இதோடு சேர்த்துச் சொன்னால்தான் புரியும். 1968 ஜூனில் கேலடன் கிராமத்தில் நேஷனலிஸ்ட் எம்.பி. ஆஸ்டின் கரி ஒரு வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்த போராட்டத்தை இந்த அட்டவணைக்குப் பிறகு நடத்துங்கள். முன்னால் நடத்தினால் ஏதோ வீட்டுத் தகராறு போலத் தெரியும்.

இனி சட்டன் பட்டியல். கெய்னின் உயிர்நாடி இதுதான். வகுப்பில் மிக மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான்.

1969 ஜூலை 14 முதல் 2001 இறுதி வரை மோதலில் இறந்த 3,500க்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் மூன்று நான்கு வரிதான்: தேதி, பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, சமயம்; அடுத்து அவர் யார் (பொதுமகன், பிரிட்டிஷ் ராணுவம், ஐஆர்ஏ...), கொன்றது யார், கடைசியில் எங்கே எப்படி என்று ஒரு வாக்கியம். சமயத்துக்குப் பதிலாக ‘என்எஃப்என்ஐ’ என்று சில பதிவுகளில் இருக்கும். வட அயர்லாந்தைச் சேராதவர் என்று பொருள். இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய்களும் டப்ளின்காரர்களும் இதில் அடங்குவார்கள். அவர்களுடைய சமயம் எண்ணப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், சமயவாரி சதவீதம் போடும் மாணவர் மொத்தத்தால் வகுத்துத் தவறான விடைக்கு வருவார்.

பட்டியலை நாள்வரிசையில் படிக்கலாம், பெயர்வரிசையில் படிக்கலாம், தேடலாம். வகுப்புக்குச் சிறந்த கருவி குறுக்கு அட்டவணைப் பக்கம். இரண்டு மாறிகளைத் தேர்ந்தால் அந்த இரண்டுக்குமான அட்டவணை உடனே வரும். அதை அப்படியே எக்செல்லில் ஒட்டலாம். பல மாறிகளுக்கு விரிவான வகை ஒன்றும் சுருக்க வகை ஒன்றும் உண்டு. முதல் முறை சுருக்க வகையையே எடுங்கள். விரிவானதை எடுத்தால் ஏகப்பட்ட வரிசைகள் வந்து, பாதிக் கட்டங்களில் பூஜ்யம் நிற்கும்.

‘கொன்றவர் சார்ந்த அமைப்பு’, ‘இறந்தவர் நிலை’ இரண்டையும் சுருக்க வகையில் குறுக்கே போடச் சொல்லுங்கள். ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதமேந்திய, ஐஆர்ஏ போன்ற ரிபப்ளிக்கன் குழுக்களால் கொல்லப்பட்டவர்கள் 2,050க்கும் மேல், பிரிட்டனோடு நீடிப்பதற்காக ஆயுதமேந்திய லாயலிஸ்ட் குழுக்களால் 1,020க்கும் மேல், பிரிட்டிஷ் பாதுகாப்புப் படைகளால் 360க்கும் மேல். இறந்தோரில் பாதிக்குச் சற்று மேல் பொதுமக்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் இந்த ஒரே அட்டவணையிலிருந்து தன் தரப்புக்குச் சாதகமான ஒரு செய்தித் தலைப்பு எழுத வேண்டும், எண் பொய்யாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். ஒரு குழு, கொலைகளில் பாதிக்கு மேல் ரிபப்ளிக்கன்கள் செய்தவை என்று எழுதும். சரிதான், ஏறக்குறைய 58 சதவீதம். இன்னொன்று, லாயலிஸ்ட்டுகள் கொன்றவர்களில் நூற்றுக்கு 85 பேர் பொதுமக்கள், ரிபப்ளிக்கன்கள் கொன்றவர்களில் அது 35தான் என்று எழுதும், அதுவும் சரி. மூன்றாவது, அரசுப் படைகள் கொன்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பொதுமக்கள் என்று எழுதும். அதுவும் சரி.

முதல் குழு மொத்தத்தால் வகுத்தது, மற்ற இரண்டும் வரிசையின் கூட்டுத்தொகையால் வகுத்தன. எதால் எதை வகுக்கிறோம் என்பதில்தான் இந்த ஊர் அரசியலே இருக்கிறது. 40 நிமிட வகுப்பில் இதை முடிக்க முடியாது. இரட்டைப் பாடவேளை வேண்டும். அட்டவணையை முந்தைய நாளே அச்சடித்து வைத்துவிடுங்கள். மாணவர்களையே தளத்தில் தேடவிட்டால், இருபது நிமிடம் மாறியைத் தேர்வதிலேயே போய்விடும்.

பட்டியலின் எல்லைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடக்கத் தேதியே ஒரு தீர்ப்பு. 1966ல் லாயலிஸ்ட் குழுவான யுவிஎஃப் கொன்ற மூவர் இதில் இல்லை. வேறு சில தொகுப்புகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன, மொத்தமும் அவற்றில் கூடுதல். எண் ஏன் மாறுகிறது என்று மாணவர் கேட்டால் நல்லது; மோதல் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அங்கிருந்து போகலாம். இடவாரியாக வடிகட்டும்போது வட அயர்லாந்தை மட்டும் எடுத்தால் 1974 மே 17 டப்ளின், மோனகன் குண்டுவெடிப்புகளில் இறந்த 33 பேரும் மறைந்துபோவார்கள். மோதலின் எந்த ஒரு நாளையும் விட அதிகம் பேர் இறந்த நாள் அது. காயம்பட்டவர்கள், 1969 ஆகஸ்டில் வீடெரிந்து இடம்பெயர்ந்தவர்கள், சிறையில் கழித்தவர்கள் யாரும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சட்டனை மட்டும் வைத்து நடத்தினால் வரலாறு பிணக்கணக்காகிவிடும் என்ற குறை நியாயமானதே.

விசாரணையின்றிச் சிறை பற்றிய பாடத்துக்கு மட்டும் நாள்வரிசையையும் சட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 1971 ஆகஸ்ட் 9 விடியற்காலை 342 பேர் கைது. அன்று ஒரு லாயலிஸ்ட்கூடப் பிடிக்கப்படவில்லை. 1975 டிசம்பர் வரை அடைக்கப்பட்ட 1,981 பேரில் லாயலிஸ்ட்டுகள் 107 பேர். வன்முறையை அடக்கத்தான் இந்த நடவடிக்கை என்றது அரசு. சட்டன் கணக்கில் 1970ல் இறந்தோர் 26, 1971ல் 171, 1972ல் 480. 1971ன் பட்டியலைக் கொடுத்து ஆகஸ்ட் 9ல் ஒரு கோடு போட்டு மேலும் கீழும் எண்ணச் சொன்னால், முக்கால்வாசிக்கு மேல் கோட்டுக்குக் கீழே விழும். உடனே ‘அடக்குமுறைதான் காரணம்’ என்று முடிக்கத் துடிப்பார்கள். ஆண்டின் முற்பகுதியிலேயே ஏறுமுகம் தெரிகிறதா என்று மாதவாரியாக ஒரு வரைபடம் போடச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவுக்கு வர விடுங்கள்.

ரத்த ஞாயிறுக்கு, அதாவது டெர்ரி ஊர்வலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்ட 1972 ஜனவரி 30க்கு, வேண்டியது இரண்டு விசாரணைகளின் அறிக்கைகள் மட்டும். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த விட்ஜரி அறிக்கை கெய்னில் முழுதாக இருக்கிறது. 2010 ஜூன் 15ல் வந்த சாவில் அறிக்கை பத்துத் தொகுதி. பிரிட்டன் அரசின் தளத்தில் இலவசம். பத்தையும் கண்டு மிரள வேண்டாம், முதல் தொகுதியில் உள்ள முக்கிய முடிவுகள் போதும். முதலில் சுட்டது யார், சுடப்பட்டவர்கள் ஆயுதம் வைத்திருந்தார்களா, சுடுவதற்கு முன் எச்சரிக்கை தரப்பட்டதா என்ற மூன்று கேள்விக்கும் இரண்டிலிருந்தும் பத்தி எண்ணோடு விடை எடுக்கச் சொல்லுங்கள். சாவில் வந்ததால் விட்ஜரியைக் குப்பையில் போடக் கூடாது. சில வாரங்களில் ஒரு தலைமை நீதிபதி எழுதிய அறிக்கை எந்தச் சாட்சிகளை எடுத்தது, எதை விட்டது என்பதே மாணவருக்குப் பாடம். இறந்தோர் 13ஆ 14ஆ என்ற குழப்பம் கட்டாயம் வரும்: அன்று இறந்தவர்கள் 13 பேர், காயம்பட்ட ஒருவர் ஜூனில் இறந்தார்.

சுவரோவியப் பகுதி பார்க்க அழகு, பாடத்துக்குச் சுமார். படங்கள் சிறியவை, தேதியையும் தெருவையும் படத்தோடு எழுதி வைக்காவிட்டால் பயனில்லை, ஏனென்றால் அதே சுவரில் பல முறை மாற்றி வரைந்திருப்பார்கள்.

குறைகளில் பெரியது, 1968க்கு முந்தைய காலம் மெலிந்து கிடப்பது. 1920 அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தின் வாசகம் கிடைக்கும். 1921ல் பிரிந்த நாட்டில் அடுத்த நாற்பத்தைந்து ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு வேறு நூல்தான் தேட வேண்டும். வெளித்தளங்களுக்குப் போகும் பழைய இணைப்புகள் பல செத்துவிட்டன. எல்லாம் ஆங்கிலம் என்பது ஒருபுறம், அதிலும் அரசாங்க அறிக்கை நடை பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கடினம். எந்த ஆவணத்தையும் 200 சொல்லுக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சட்டன் பட்டியலில் இருப்பவை உண்மைப் பெயர்கள்; உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்ணும் பயிற்சிக்குப் பெயர்ப் பத்தியை நீக்கிவிட்டு அச்சடிப்பதே முறை. ‘உன் பிறந்தநாளில் இறந்தவர் யார்’ என்று தேடச் சொல்லும் விளையாட்டுப் பயிற்சியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் டெர்ரி வார்டு அட்டவணையையும் குறுக்கு அட்டவணையையும் மட்டும் எடுத்தால் போதும். நான்கு வகுப்பு கிடைத்தால் ஆகஸ்ட் 9ஐச் சேர்க்கலாம். ஆறு கிடைத்தால் விட்ஜரி, சாவில். 1998 ஏப்ரல் 10 பெரிய வெள்ளி அமைதி ஒப்பந்தத்தின் வாசகமும் இங்கே இருக்கிறது. அதைக் கடைசி வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், கைதிகள் விடுதலை, ஆயுத ஒப்படைப்பு இரண்டு பகுதிகள் மட்டும். வட அயர்லாந்தில் வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் ஆதரித்த ஒப்பந்தத்தை மற்றவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பது அந்த இரண்டைப் படித்தாலே பிடிபடும்.