மாவு மில் கிட்: கட்டிடம் வருகிறது, ரயில் வேலை வருகிறதா?

வால்தர்ஸ் என்ற அமெரிக்க மாடல் ரயில் நிறுவனத்தின் கார்னர்ஸ்டோன் வரிசையில் வந்த ‘ரெட் விங் மில்லிங்’ முதல், எச்.ஓ மாடல் ரயில் அளவில் (1:87) மாவு மில் என்று விற்கப்படும், நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்களைக் கட்டிடமாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. லேஅவுட்டில், அதாவது மாடல் ரயில் ஓடும் அமைப்பில், ரயிலுக்கு வேலை கொடுக்கும் தொழிற்சாலையாகப் பார்த்தால்தான் கேள்வி எழுகிறது. பெட்டிக்குள் நாலு சுவரும் கூரையும் ஒரு சரக்கு மேடையும் இருக்கும். நிஜ மில்லிலோ சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை) ஓரமாக நாலு தனித்தனி இடங்கள் உண்டு: கோதுமை இறக்கும் இடம், மொத்தமாக மாவு ஏற்றும் இடம், மூட்டை மாவு ஏற்றும் மேடை, தவிடு ஏற்றும் இடம். ஒன்றுக்கு வந்த வேகனை இன்னொன்றில் நிறுத்திப் பயனில்லை. வேகன்களை இடம் மாற்றி நிறுத்தும் ஷண்டிங்கின் சுவையே அதில்தான் இருக்கிறது. அதைக் கிட் தராது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

கணக்கை முதலில் போட்டுவிடுவது நல்லது. 100 பங்கு கோதுமை அரைத்தால் 72, 73 பங்கு வெள்ளை மாவு, மீதி தவிடும் குருணையும். 1970 வாக்கிலான அமெரிக்க மில் ஒன்றுக்கு 4,650 கன அடி மூடிய ஹாப்பர் (அடிவழியாகச் சரக்கைக் கொட்டும் வேகன்) நாலு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சுமார் 100 டன் (அமெரிக்க டன், 2,000 பவுண்டு). ஆக 400 டன் கோதுமை, ஏறத்தாழ 290 டன் மாவு, 110 டன் தவிடு. மாவில் 200 டன் மொத்தமாகப் போனால் ஏர்ஸ்லைடு வேகன் (மாவை மூட்டையில்லாமல் ஏற்றும் ஹாப்பர், கீழே விவரம்) நாலு. மீதி 90 டன் மூட்டையில் போனால் பாக்ஸ்கார் (பக்கவாட்டில் கதவுள்ள மூடிய வேகன்) இரண்டு. தவிடு எடை குறைவு, இடம் அடைக்கும். 40 அடி பாக்ஸ்கார் ஒன்றில் ஏறத்தாழ 35 டன்தான் கொள்ளும் என்பதால் அதற்கு மூன்று. நாலு வேகன் உள்ளே, ஒன்பது வெளியே. லாரியில் போகும் பங்கைக் கழித்தாலும், இரண்டு வேகன் நிற்கும் மேடையோடு வரும் கிட் இதற்குப் போதாது.

கோதுமை இறக்கும் இடத்துக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே குழியை மூடும் இரும்புச் சல்லடை, மேலே தகரக் கொட்டகை, அவ்வளவுதான் வேண்டும். கொட்டகையின் வாசல் உயரம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 77 மி.மீ (நிஜத்தில் 22 அடி) வையுங்கள். கதவின் அகலத்தை என்.எம்.ஆர்.ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுத் தகடு வைத்துப் பார்த்துவிடுங்கள். குழிக்கு முன்னும் பின்னும் எத்தனை ஹாப்பர் நீளம் விடுகிறீர்களோ அத்தனையைத்தான் ஒரே தள்ளலில் இறக்க முடியும். ஒரு ஹாப்பருக்கு 20 செ.மீ கணக்கு. 1960களுக்கு முந்தைய காலம் என்றால் கோதுமை பாக்ஸ்காரில் வரும், கதவின் உட்புறம் பலகை அடித்திருக்கும். பிய்த்தெடுத்த பலகைக் குவியல் ஒன்றைக் குழி அருகே போட்டால் காலம் தானே தெரிந்துவிடும்.

பெரும்பாலான கிட்களில் அறவே இல்லாதது ஏர்ஸ்லைடு ஏற்றும் அமைப்பு. ஜெனரல் அமெரிக்கன் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த வேகன் இது. மாவை ஹாப்பரில் கொட்டினால் அப்பிக்கொண்டு கீழே வராது. அதனால் சரிவான அடிப்பகுதியில் துணி போட்டு, அதன் வழியே குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். மாவு தண்ணீர்போல ஓடிவரும். 2,600 கன அடி வேகனில் சுமார் 50 டன் பிடிக்கும். மில்லில் ஏற்றுவது மேல் மூடி வழியாக. ஆகவே தண்டவாளத்துக்கு மேலே ஆள் நிற்கும் நடைமேடை, சுவரிலிருந்து வரும் குழாய், அதன் நுனியில் துணி உறை, இந்த மூன்றும் வேண்டும். 1.2 மி.மீ கம்பி எச்.ஓவில் 4 அங்குலக் குழாய். வேகனை இறக்கும் பேக்கரியின் சுவரில் அது பொருந்தும். ஏற்றும் குழாய்க்கு அதைவிடப் பருமனாக, 3 மி.மீ எடுங்கள்.

கூரையில் தூசி பிரிக்கும் சைக்ளோன் கூம்புகளை மறந்துவிட்டால் அது மாவு மில்லே இல்லை. காற்றில் பறக்கும் மாவு வெடிக்கும். அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ‘ஏ’ மில் 1878 மே 2 அன்று அப்படித்தான் வெடித்து 18 பேர் இறந்தார்கள். 1880இல் அதைத் திரும்பக் கட்டினார்கள். நாலைந்து கூம்பும் அவற்றை இணைக்கும் குழாய்களும் போதும். உதிரி பாகமாக வாங்கினால் செலவு, தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டினாலும் பழுதில்லை.

தானியக் குதிர் தனிக் கிட்டாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்குக் காசு கொடுப்பது அநாவசியம். 75 மி.மீ வெளிவிட்டமுள்ள பி.வி.சி குழாய் எச்.ஓவில் 21 அடிக் குதிர், 90 மி.மீ என்றால் 25 அடிக்குச் சற்று மேல். உயரம் 35 செ.மீ வைத்தால் நிஜத்தில் 100 அடி. குழாயின் பளபளப்பை 220 நம்பர் உப்புத்தாளால் எடுத்துவிட்டுப் பிரைமர் அடிக்காவிட்டால் பெயின்ட் தோலாக உரியும். ஒரு எச்சரிக்கை: வட்டக் கான்கிரீட் குதிர் மினியாபொலிஸ் பக்கத்தில் பரிசோதனையாக எழுந்ததே 1899, 1900இல்தான். 1890களின் லேஅவுட்டில் அது வரக்கூடாது.

கட்டும்போது தகராறு வருவது மேடை உயரத்தில். பாக்ஸ்காரின் தளம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 12.5 மி.மீ, மேடை 13 மி.மீக்குள் இருந்தால் சரி. கட்டிடத்தை நேரே பிளைவுட்டில் வைத்துவிட்டு, ‘கோடு 83’ (Code 83) அளவுத் தண்டவாளத்தைக் கார்க் பட்டையின் மேல் போட்டால், கார்க் ஐந்தும் தண்டவாளம் நாலுமாக ரயில் 9 மி.மீ உயர்ந்து மேடை பள்ளத்தில் கிடக்கும். சைடிங்கில் கார்க் வேண்டாம். மீதி 4 மி.மீக்குக் கட்டிடத்தின் அடியில் அட்டை கொடுங்கள்.

மேடை விளிம்பு தண்டவாள நடுக்கோட்டிலிருந்து 22 மி.மீ. இது நேர்ப்பாதைக்கு மட்டும். 18 அங்குல ஆர வளைவில், போகிகளுக்கு (சக்கரத் தொகுதிகளுக்கு) இடையே 40 அடி உள்ள வேகனின் நடுப்பகுதி உட்பக்கமாக 5 மி.மீக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும். மேடையை வளைவில் வைத்தால் ஒன்று இடிக்கும், இல்லையென்றால் இடைவெளி பல்லிளிக்கும். மேடைக்கு முன்னால் ஒரு வேகன் நீளமாவது நேராக விடுவதுதான் வழி.

கதவுகளின் இடைவெளியும் கவனிக்க வேண்டியது. 40 அடி பாக்ஸ்கார் கப்ளரோடு (இணைப்புக் கொக்கியோடு) 15.5 செ.மீ, 50 அடி பாக்ஸ்கார் 19 செ.மீ. சுவர்க் கதவுகள் ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றதற்குப் பொருந்தாது. தொடர் மேடை போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மூட்டை மாவுக்கு வரும் பாக்ஸ்கார் சுத்தமானதாக, உள்ளே காகிதம் ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதையும் ஆட்டத்தில் சேருங்கள். தோல் ஏற்றிய வேகன் வந்தால் மில் திருப்பி அனுப்பிவிடும். தவிட்டுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது. ஏர்ஸ்லைடு காலியானதும் நேராக மில்லுக்கே திரும்பும், வேறு சரக்கு ஏற்றாது.

பெரிய சுவர்கள் சில மாதத்தில் உள்வாங்கி வளைவது இந்த வகைக் கிட்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய். மூலைகளிலும் ஒவ்வொரு மாடி மட்டத்திலும் 6 மி.மீ சதுரச் சட்டம் ஒட்டினால் நிற்கும். மெல்லிய கரைப்பான் பசையைத் தூரிகையால் உட்புற மூட்டில் தொட்டால் அதுவே ஓடிப் பரவிக்கொள்ளும். ஜன்னலுக்குச் சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகிவிடும். சுவருக்கும் சட்டத்துக்கும் வண்ணம், பிறகு கண்ணாடி, அதன் பிறகே சுவர்களை இணைப்பது.

இடம் குறைவானவர்களுக்கு இந்தக் கிட் இன்னும் லாபம். சுவரோரமாக வைப்பவர்களுக்குப் பின்சுவரும் பக்கச்சுவர்களும் கண்ணில் படப்போவதில்லை. அவற்றை முன்சுவரோடு ஒரே வரிசையில் ஒட்டி, 5 செ.மீ ஆழத்தில் நிறுத்துங்கள். மூட்டுகளை மழைநீர்க் குழாய் மறைக்கும். ஒரே பெட்டியில் முகப்பு இரண்டு மடங்கைத் தாண்டும், நாலு இடங்களுக்கும் மேடை கிடைக்கும். தனியே நடுவில் நிற்கும் மில்லாக வைப்பதைவிட இதையே சிபாரிசு செய்யலாம்.

ஏர்ஸ்லைடின் மேல் மூடியைச் சுற்றி வெள்ளைத் தூசி காட்ட வெள்ளைச் சாக்பொடி நல்லது. மேலே மேட் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துபோகும், ஆகவே வார்னிஷை முதலில் அடித்துப் பொடியைக் கடைசியில் தூவுங்கள். வேகனைக் கையாள்வது அதன் பிறகு பக்கவாட்டைப் பிடித்துத்தான்.