ஒரு பேனா, ஒரு நோட்டு: அன்றாடக் காட்சிகளை வரையும் பழக்கம் பற்றி ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

அன்றாடம் கண்ணில் படுவதை நேரில் பார்த்து வரையும் பழக்கத்தைத் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் அல்லன். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் அலுவலகம் போய்வரும் ஒரு கணக்கர், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் புது நோட்டின் வாசனை போவதற்கு முன்பே எழுதிவிடுவதால், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் எது தங்கும், எது கழியும் என்ற செய்தி அந்த மதிப்புரைகளில் கிடைப்பதில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவிகள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு நிமிடத்துக்குள் கையில் எடுத்து வேலையைத் தொடங்க முடியாத எதுவும் நிலைப்பதில்லை. மடக்கு நாற்காலி, பெரிய அளவு வரைதாள், குழாய்களில் அடைத்த வண்ணங்கள், தண்ணீர்க் குவளை ஆகியவை ஞாயிற்றுக்கிழமை காலையில் மெரினாவுக்குப் போகும்போது இனிமையானவை. திங்கட்கிழமை கூட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. இப்போது என் பையில் இருப்பவை ஏ5 அளவு நோட்டு ஒன்று, ஊற்றுப்பேனா ஒன்று, கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை ஒன்று. பென்சிலை நான் எடுத்துச் செல்வதில்லை. அழிக்க முடியும் என்று தெரிந்தால் கை அழிக்கத்தான் நினைக்கும். ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவர் நாம் அழித்து முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். எழுதுவதற்காக விற்கப்படும் சாதாரண ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் சாயத்தைக் கரைத்துச் செய்யப்பட்டது. அதன்மேல் தண்ணீர் பட்டால் கலையும். கரித்துகள் போன்ற நிறமித் துகள்களைக் கொண்ட மை, நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. அதன்மேல் நீர்வண்ணம் பூசலாம். ஆனால் அந்தத் துகள்கள் நிப்பின் இடுக்கில் படிந்து அடைத்துக்கொள்ளும். பேனாவைச் சில நாள் சும்மா போட்டுவைத்தால் எழுத மறுக்கும். மாதம் ஒரு முறையாவது வெறும் தண்ணீரால் அலச வேண்டும். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பின், வாரநாள்களுக்குச் சாய மையே போதும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கலையும் குணத்தையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: வரைந்த கோட்டின் ஓரத்தை ஈரத் தூரிகையால் ஒரு முறை இழுத்தால், அந்த மையே கசிந்து நிழலாகிவிடும். தனி வண்ணப் பெட்டி தேவையில்லை.

தாளில் சிக்கனம் பார்ப்பது வீண். பள்ளி நோட்டுகளின் மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறும். சுமார் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் பேனாவையும் லேசான ஈரத்தையும் தாங்கும், ஆனால் நெளியும். தாராளமாக வண்ணம் பூச 300 ஜி.எஸ்.எம். வேண்டும், அதன் விலையோ கையை நடுங்கவைக்கும். விலை உயர்ந்த தாளில் முதல் கோடு போடத் தயங்கும் மனம், நடுத்தரத் தாளில் தயங்குவதில்லை என்பதால் 150-லேயே நின்றுவிட்டேன். பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் நோட்டு ஒன்று, பாதி நிரம்புவதற்குள் தையல் விட்டுத் தாள் தாளாகக் கழன்றது. அதன்பிறகு வாங்கும் முன் நோட்டை முழுதாக விரித்து மேசைமேல் படுக்கிறதா என்று பார்க்கிறேன். நூல் தைத்த கட்டு படுக்கும், பசை ஒட்டிய கட்டு முரண்டு பிடிக்கும்.

கருவிகளைவிட முக்கியமானது எதை வரைவது என்பதே. பழக்கம் அறுந்துபோனதாகச் சொல்லும் நண்பர்களைக் கேட்டால், பெரும்பாலோர் "வரையறதுக்கு ஒண்ணும் கெடைக்கல" என்கிறார்கள். அழகான காட்சிக்குக் காத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காது. காலையில் குடித்துமுடித்த காபியின் டபராவும் டம்ளரும் எனக்குப் பல மாதங்கள் போதுமானவையாக இருந்தன. டம்ளரின் வாய், கண் மட்டத்துக்கு அருகே இருப்பதால் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அதன் அடி, கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் சற்று விரிந்த வளைவாகத் தெரியும். மேசை தட்டைதானே என்று அடியை நேர்கோடாகப் போட்டால் டம்ளர் மேசையில் உட்காராது, அந்தரத்தில் தொங்கும். எவர்சில்வரின் பளபளப்பு இன்னொரு பாடம். எதிரே உள்ள அகலமான சன்னல், உருளையான பரப்பில் ஒடுங்கி ஒரு வெள்ளைக் கீற்றாக நிற்கும். அதை ஒட்டியே ஏறக்குறைய முழுக் கருப்பான ஒரு பட்டை இருக்கும். உலோகத்தைப் பளபளக்கச் செய்வது வெள்ளை அன்று, அதன் பக்கத்தில் நிற்கும் கருப்பு. அந்தக் கருப்பைத் துணிந்து போடும் வரை பாத்திரம் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும்.

ரயிலில் உறங்குபவர்கள் நல்ல மாதிரிகள், ஆனால் நிலையங்களுக்கு இடையே கிடைப்பது ஓரிரு நிமிடங்கள்தாம். ஆகவே முகத்தில் தொடங்கக் கூடாது. தலை சாய்ந்த கோணம், அது தோளைச் சேரும் இடம், மடியில் கிடக்கும் பையின் பாரம் ஆகிய மூன்றையும் முதலில் பிடித்துவிட்டால், அவர் கிண்டியில் இறங்கிப் போனாலும் உருவம் தாளில் தங்கிவிடும். வண்டி ஓடும்போது நீண்ட கோடுகளை இழுத்துவிட்டு, நிற்கும்போது கண், விரல் போன்ற நுணுக்கங்களைப் போடுவது என் வழக்கம். ஆட்டத்தால் வரும் நடுக்கத்தைத் திருத்துவதில்லை. புடவை மடிப்புக்கு அது பொருத்தமாகவே அமைகிறது.

அறிமுகமில்லாதவர்களை வரைவதில் ஒரு மரியாதை வேண்டும். ஒருவர் சங்கடப்படுவது தெரிந்தால் நோட்டை மூடிவிட வேண்டும்; பெண்களை முகம் தெரிய வரைவதைக் கேட்காமல் செய்வதில்லை. கைகள், செருப்புகள், கூடைகள், முதுகுகள் என்று வரைய எவ்வளவோ இருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை, விமர்சனம் மட்டும் தாராளமாக வரும். மாம்பலத்தில் பூக்கட்டும் ஓர் அம்மா என் படத்தைப் பார்த்துவிட்டு, "எம்மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு தம்பி?" என்றார். பெரிதாகத்தான் இருந்தது, படத்தில்.

நேரில் பார்த்து வரைவதை வற்புறுத்தும் அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற குழு, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய இணைய முயற்சியிலிருந்து உலகெங்கும் பரவியது. நமக்கு இது அவ்வளவு புதிதும் அன்று. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தவர் ஓவியர் சில்பி. மதுரையையும் சென்னையையும் நுண்ணிய மைக்கோடுகளால் பதிவு செய்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை மெல்லக் குறைந்துகொண்டே வந்த காலத்திலும் வரைந்தார். இவர்களைப் பார்த்து மலைத்துப்போவதைவிட, ஒரு கருங்கல் தூணுக்கு எத்தனை வகைக் கோடுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் எதை விட்டுவிடலாம் என்ற முடிவை அங்கே கேமரா பாதி எடுத்துவிடுகிறது, அந்த முடிவுக்காகத்தான் நான் வரைகிறேன்.

தினமும் ஒரு படம் என்ற சபதங்கள் எனக்கு உதவவில்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு என்று கடன் ஏறி, நோட்டைத் திறக்கவே கசந்துபோகிறது. சபதத்துக்குப் பதில் ஓர் இடத்தை வைத்துக்கொள்வது நல்லது: ரயில் என்றால் பேனா வெளியே வரும், அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்திருந்தாலோ ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வரவே நள்ளிரவானாலோ வாரக்கணக்கில் வரையாமல் இருந்திருக்கிறேன். மீண்டும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தபோது பழக்கம் தானாகத் திரும்பியது. முன்னேற்றமும் சீராக வருவதில்லை. முதல் ஆண்டில் கை வேகமாகத் தேறும். அதன்பின் கண் தேறும், கை பின்தங்கும். அந்தக் காலத்தில் வரைந்தவை எல்லாம் மோசமாகத் தெரியும். பலர் விட்டுவிடுவது அப்போதுதான் என்பது என் கணிப்பு.

கடைசியாகப் பராமரிப்பு. சென்னையின் ஈரப்பதத்தில் நிரம்பிய நோட்டுகள் பூஞ்சை பிடிக்கும். வெள்ளிநிறத் தாள்பூச்சி பசையைத் தேடி வந்து அட்டையை அரிக்கும். சுவரை ஒட்டாத அலமாரியில், நெருக்கி அடுக்காமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை காற்றாட விரிப்பது போதுமானதாக இருக்கிறது. சாய மைகளில் சில வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால், சட்டம் போட்டு மாட்டும் எண்ணமிருந்தால் அந்தப் படத்தை மட்டும் நிறமி மையில் வரைந்துகொள்ளலாம். நோட்டு, மை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஆகும் செலவு, ஒரு நடுத்தர ஓட்டலில் குடும்பத்தோடு இரண்டு முறை சாப்பிடுவதைத் தாண்டியதில்லை.