கூத்து வட்டும் கல்யாண வட்டும்: ஒலியைச் சமன்செய்ய எந்த வழி?

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் விடிய விடிய நடந்த பாரதக் கூத்துகளின் பதிவுகளும், கிருஷ்ணகிரியில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணப் பதிவுகளும் டிவிடிகளாகப் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றியபோது படத்தைப் பற்றிய கவலை ஒரே மாலையில் தீர்ந்தது. ஒலியோடுதான் நெடுநாள் மல்லுக்கட்ட நேர்ந்தது. கட்டியங்காரனின் பேச்சு கேட்கவில்லையே என்று ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால், அடுத்த வேடம் திரையை விலக்கி வரும்போது மத்தளமும் முகவீணையும் தெருவையே எழுப்பிவிடுகின்றன.

வட்டில் உள்ள ஏசி3 (டிவிடிகளில் வழக்கமான ஒலி வடிவம்) ஒலியை அப்படியே நகலெடுத்தால் தரம் துளியும் குறையாது. ஆனால் நகலெடுக்கும்போது ஒலியளவைத் திருத்த முடியாது. ஏசி3-ஐ ஒலிக்காத கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் உண்டு. ஆகவே மூலத்தை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான பிரதியை பரவலாக ஒலிக்கும் ஏஏசி வடிவில், நொடிக்கு 160 கிலோபிட் ஸ்டீரியோவாக, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் அமைக்கிறேன். டிவிடிக்குப் பதில் விசிடி வட்டாக இருந்தால், அதன் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அந்த வீதத்தை மாற்றாமல் அப்படியே விட்டுவிடலாம்.

சமன்செய்வதில்தான் வழிகள் பிரிகின்றன. வட்டுகளைக் கோப்பாக மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் உள்ள டிஆர்சி (சத்தத்துக்கும் அமைதிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி) எளிதாகத் தோன்றினாலும், அது ஏசி3 ஒலிக்குள் பதிந்திருக்கும் குறிப்புகளை நம்பியே இயங்குவதால், அக்குறிப்புகள் இல்லாத வட்டுகளில் அதைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை. உச்சத்தை அளந்து உயர்த்தும் முறை இன்னும் ஏமாற்றக்கூடியது: தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளமோ மைக்கின் ஒரு கிறீச்சிடலோ ஏற்கெனவே உச்சவரம்பைத் தொட்டிருந்தால், மூன்று மணி நேரப் பதிவில் உயர்த்த இடமே இருக்காது.

படத்தையும் ஒலியையும் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் உள்ள டைன்ஆட்நார்ம் என்ற வடிகட்டி, ஒலியை அரை நொடித் துண்டுகளாகப் பார்த்து, அமைதியான இடங்களை இயல்பு அமைப்பில் 10 மடங்கு வரை தூக்கும். கல்யாணப் பதிவுக்கு இதையே பரிந்துரைப்பேன். பந்தியில் அத்தை பேசியது கேட்டால் போதும், மற்றதை யாரும் கூர்ந்து கேட்கப்போவதில்லை. கூத்துக்கோ இது ஆகாது. பாட்டுக்கும் வசனத்துக்கும் இடையிலான அமைதியில் ஜெனரேட்டரின் இரைச்சல் எழுந்து நிற்கும். மெல்லத் தொடங்கி ஏறவேண்டிய அடவும் தட்டையாகிவிடும்.

அதே மென்பொருளின் லவுட்நார்ம், ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் வகுத்த ஆர்128 முறையில், காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை முழுப் பதிவுக்கும் அளக்கிறது. அந்த முறையின் இலக்கு −23 எல்யுஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). இதை இரண்டு சுற்றாக, முதலில் அளந்து பிறகு மாற்றும்படி இயக்கினால், பதிவு முழுவதும் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும்; கூத்தின் ஏற்ற இறக்கம் கெடாது. ஒரே சிக்கல், எல்ஆர்ஏ (மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையிலான சத்தத்தின் வீச்சு) இலக்கு இயல்பாக 7 என்றிருப்பது. கூத்தின் வீச்சு அதைத் தாண்டினால் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் துண்டு துண்டாகத் திருத்தும் முறைக்கு மாறிவிடும். உச்ச வரம்பை மீற நேர்ந்தாலும் அப்படியே. எனவே எல்ஆர்ஏ இலக்கை அளந்த மதிப்புக்கு மேலாகவும், சத்தத்தின் இலக்கைச் சற்றுத் தாழ்வாகவும் வைக்க வேண்டும்.

அதைவிடவும் நான் இப்போது விரும்புவது, லவுட்நார்மை அளக்க மட்டும் வைத்துக்கொண்டு, அளந்த சத்தத்துக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரண ஒலிக்கூட்டலால் தருவதுதான். டிவிடியில் படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகள் ஏறக்குறைய 1 ஜிபி துண்டுகளாக வெட்டுப்பட்டிருக்கும். ஒரே இரவின் கூத்து மூன்று வட்டுகளில் பரவியும் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சமன்செய்தால், நள்ளிரவில் வந்த துரியோதனனும் விடியலில் வரும் துரியோதனனும் இருவேறு தொண்டையில் பேசுவதுபோல் இருக்கும். எல்லாவற்றையும் இணைத்து ஒருமுறை அளந்து, இத்தனை டெசிபெல் என்று கிடைக்கும் ஒரே எண்ணை மூன்று வட்டுகளுக்கும் தருகிறேன்.