மணலுக்குள் மறையும் ஓணானை எதைக் கொண்டு பின்தொடர்வது?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை பெரும்பாலும் 20 கிராமை ஒட்டித்தான். ஆள் நெருங்கினால் ஓடாது. தரையோடு தரையாக உடம்பை அழுத்திக்கொண்டு அசையாமல் கிடக்கும், அல்லது பக்கவாட்டில் உடம்பைக் குலுக்கியபடி மணலுக்குள் இறங்கிவிடும். இதுதான் தட்டைவால் கொம்போணான். கலிபோர்னியாவின் தென்கிழக்கு, அரிசோனாவின் தென்மேற்கு, அதையொட்டிய மெக்சிகோ என்று சொனோரன் பாலைவனத்தின் ஒரு மூலையில் மட்டும் வாழ்கிறது. எறும்புதான் அதன் முக்கிய உணவு.

இந்தச் சின்ன உயிரைப் பற்றிய சர்ச்சை பெரியது. 1993இல் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்க அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை முன்மொழிந்தது. 1997இல் பின்வாங்கியது. அதன்பின் வழக்குகளால் அந்தக் கோப்பு மறுபடி மறுபடி திறக்கப்பட்டு, 2011இல் முன்மொழிவு மீண்டும் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1997இல் அரசுத் துறைகள் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாட்டின்படி கலிபோர்னியாவில் நான்கு, அரிசோனாவில் ஒன்று என 5 பகுதிகளை இதற்கென ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிகள் போதுமா, சாலையோர வேலி எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் ஓர் ஓணானுக்கு எவ்வளவு இடம் தேவை என்பதைப் பொறுத்தவை. ஆய்வாளர்கள் ஹோம் ரேஞ்ச் என்பார்கள். நான் வாழெல்லை என்கிறேன். இரை தேட, இணை தேட, உறங்க அது வழக்கமாகப் புழங்கும் பரப்பு.

அந்தப் பரப்பை அளக்கப் பல வழிகள் உண்டு. எல்லாம் ஒரே விடையைத் தராது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய வழி, பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு மறுபடி பிடிப்பது. சின்ன வயதில் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும்: உலகம் முழுக்கப் பல்லி ஆய்வாளர்கள் இன்றும் நீளக் கோலின் நுனியில் சுருக்குக் கட்டித்தான் பிடிக்கிறார்கள். கொம்போணானுக்கு அதுகூட வேண்டாம், கண்ணில் பட்டால் கையாலேயே எடுத்துவிடலாம். படுவதுதான் கஷ்டம்.

அடையாளமிட, ஒருகாலத்தில் விரல் நுனியை வெட்டினார்கள். எந்தக் காலில் எந்த விரல் என்பதை வைத்து எண் கொடுப்பது. மலிவு, அழியாது. ஆனாலும் மாற்று இருக்கும்போது அதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. வண்ணம் பூசினால் தோல் உரியும்போது அதுவும் போய்விடும். வயிற்றுப் புள்ளிகளைப் படமெடுத்து அடையாளம் காணும் முறை சில கொம்போணான்களுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. இதன் வயிறு புள்ளியில்லாத வெள்ளை. எஞ்சுவது பிட் டேக். அரிசிமணி போன்ற கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சில்லு. பேட்டரி கிடையாது, ஆயுள் முழுக்க உடம்புக்குள் இருக்கும். ஆனால் எண்ணைப் படிக்க, கருவியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அதாவது ஓணானை முதலில் நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு சறுக்குகிறது. நாம் தேடிய இடத்தில் இருந்தால்தான் அது நம் கண்ணில் படும். ஆய்வுக்களத்துக்கு வெளியே 100 மீட்டர் தள்ளிப் போயிருந்தால், குறிப்பேட்டில் அது இல்லாத ஓணான். மறுபிடிப்பில் வரும் வாழெல்லை பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியதாகவே இருக்கும். எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்று கேட்டால் பிட் டேக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. எவ்வளவு இடம் என்று கேட்டால் அதை நம்ப மாட்டேன்.

தடம் பார்ப்பது இன்னொரு வழி. காற்று அடங்கிய காலையில் மெல்லிய மணலில் கால்தடமும் வால் இழுத்த கோடும் தெளிவாக விழும். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பழங்குடி மக்கள் இதில் காட்டும் தேர்ச்சி வனவிலங்குக் கணக்கெடுப்புகளுக்கே முதுகெலும்பு. ஓணானைக் கண்டுபிடிக்கவும், அன்றைக்கு அது எந்தப் புதரைச் சுற்றி எந்த எறும்புப் புற்றில் நின்றது என்று படிக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. மத்தியானக் காற்று அத்தனையையும் துடைத்துவிடும். தடம் எந்த ஓணானுடையது என்பதும் தெரியாது. ஒளிரும் பொடியைத் தடவி இரவில் புற ஊதா விளக்கில் தொடர்வதும் ஓரிரு நாள் கதைதான். நூல்கண்டைக் கட்டி விடும் முறை மணலுக்குள் புதையும் உயிருக்கு ஆகாது.

ஜி.பி.எஸ். இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. எடைக் கணக்கைப் பாருங்கள். பொருத்தும் கருவி உடல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 15 கிராம் ஓணானுக்கு அது முக்கால் கிராம். 5 கிராம் ஜி.பி.எஸ். கருவி அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அரைக் கிலோ எடையுள்ள ஹீலா மான்ஸ்டருக்கு 25 கிராம் வரை இடமிருக்கிறது. ஆனால் அந்த விஷப்பல்லி வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாறையிடுக்கிலும் வளையிலும் கழிக்கிறது, அங்கே செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது. அதனால் அதற்கும் வயிற்றுக்குள் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வைத்துத் தைத்துத்தான் படித்தார்கள். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் பிழையும் சின்னதல்ல. அசையாமல் கிடக்கும் ஓணானைச் சுற்றி 5 மீட்டர் பிழை என்றால், அது 78 சதுர மீட்டரில் நடமாடியதுபோல் வரைபடம் பொய் சொல்லும். திறந்த வெளியில் தூரம் போகும் பெரிய உடும்புகளுக்கு ஜி.பி.எஸ். அருமையான கருவி. கொம்போணானுக்கு அல்ல.

ஆகவே ரேடியோ. ஒரு கிராமுக்கும் குறைவான டிரான்ஸ்மிட்டரை முதுகில் பசையால் ஒட்டி, மண்ணின் நிறத்துக்கு ஏற்ப மறைத்து விடுவார்கள். கையில் மூன்று கம்பி யாகி ஆண்டெனா, தோளில் ரிசீவர், காதில் ஹெட்போன். 'டிக்… டிக்…' என்ற ஒலி எந்தத் திசையில் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். நெருங்க நெருங்க ரிசீவரின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒலி ஒன்றுபோலவே கேட்கும். அந்த நொடியில் அடுத்த காலடி எடுத்து வைக்கக் கூடாது. குனிந்து பார்த்தால் வெறும் மணல். கண் பழகியபின் ஓரிடத்தில் மணல் லேசாக உப்பியிருப்பதும், இரண்டு கொம்பு நுனிகளும் தெரியும். ஷூவிலிருந்து ஒரு சாண் தூரம்.

இந்த ஒரு காட்சிக்காகவே நான் ரேடியோவின் பக்கம். ஓணான் இருக்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அது நம்மை அழைத்துப் போகிறது. களத்தின் எல்லைக்கல்லைத் தாண்டினாலும் அழைத்துப் போகும். ஷ்ரைக் பறவை அதைத் தூக்கிப்போய் முள்ளில் குத்தி வைத்திருந்தால் அங்கேயும் அழைத்துப் போகும். மறுபிடிப்பில் 'காணவில்லை' என்று முடிந்திருக்கும் கதை.

விலை அதிகம், வேலை அதைவிட அதிகம். இவ்வளவு சிறிய பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துவிடும், ஒலி சில நூறு மீட்டருக்குமேல் எட்டாது. ஒரு பருவத்துக்குள் பத்திருபது ஓணான்களைத் தொடர்வதற்கே ஆள் போதாது. தரை கொதிக்கும் மத்தியானத்தில் ஆய்வாளர் நிழலுக்கு ஒதுங்கினால் காலைப் புள்ளிகள் மட்டுமே சேரும். அது குறையாகவே கணக்கில் நிற்கும்.

புள்ளிகள் சேர்ந்தபின் இன்னொரு தேர்வு. 1947 முதல் புழங்கும் குறைந்தபட்சக் குவிபலகோணம், வெளிப்புறப் புள்ளிகளைக் கயிறு கட்டி வளைத்ததுபோல் பரப்பைச் சொல்லும். ஒருநாள் தொலைவுக்குப் போய்வந்த ஒரே ஒரு புள்ளி போதும், பரப்பு ஊதிப்போகும். 1989க்குப் பிறகு பரவிய கெர்னல் முறை, எங்கே அடிக்கடி இருந்தது என்று அடர்த்தியைக் காட்டும். அது வழுவழுப்பாக்கும் அளவைப் பொறுத்து விடை மாறும், 30 புள்ளிகளாவது வேண்டும். புதியது என்பதால் பலர் கெர்னலை மட்டும் வெளியிடுகிறார்கள். வாழ்விடத்தைப் புரிந்துகொள்ள அது சரி. சாலையோர வேலியை முடிவுசெய்ய அது மட்டும் போதாது. கெர்னலின் மையப் பரப்பு ஓரமாகத் தள்ளிவிடும் அந்த ஒற்றைப் புள்ளி, தார்ச்சாலைக்கு அந்தப்பக்கம் இருந்திருக்கலாம். வண்டி வரும்போது ஓடாமல் அசையாது படுத்துக்கொள்ளும் உயிருக்கு அந்த ஒரு பயணம்தான் கடைசி. இரண்டையும், புள்ளிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

ரேடியோவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரி தீரும் நாளை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே போய், ஒலி கேட்கும்போதே பிடித்து, முதுகிலிருந்து கருவியைப் பிரித்தெடுத்து, எடுத்த அதே புதரடியில் விட்டுவிட்டு வாருங்கள்.