வேதத்தை (பைபிளை) சத்தமாக வாசிப்பதா, மனதுக்குள்ளா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குடும்ப ஜெபத்தில் பைபிளில் உள்ள துதிப்பாடல்களான சங்கீதங்களில் ஒன்றைச் சேர்ந்து சத்தமாகச் சொல்கிற வீடுகள் இன்னும் உண்டு. வேலைக்குப் போகிற பிள்ளைகள் போனில் மனதுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். விசுவாசத்தில் வளர எது உதவும் என்று குழம்புகிறவர்களுக்காக இது.

நேரம்
மனதுக்குள்: வேகம், பஸ்ஸிலும் முடியும்.
சத்தமாக: மெதுவாகத்தான் போகும். 119-ஆம் சங்கீதம் மட்டுமே 176 வசனம்.

நினைவு
மனதுக்குள்: கண் ஓடிவிடும்.
சத்தமாக: வாயும் காதும் சேர்வதால் தங்கும்.

விசுவாசம்
இங்கேதான் பெரிய வித்தியாசம். விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதினால், வரும் என்கிறது ரோமர் 10:17. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்தது, இயேசுவைப் பற்றி அறிவித்துவந்த பிலிப்புவின் காதில் விழுந்தது, அதிலிருந்து பேச்சு, அப்புறம் ஞானஸ்நானம். ஆனால் கவனியுங்கள், வாசித்துக்கொண்டிருந்த அவருக்கே அர்த்தம் புரியவில்லை, விளக்க ஒருவர் வேண்டியிருந்தது. சத்தம் மட்டும் போதாது. அதனால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வேண்டிக்கொண்டது கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள், மத்தேயு 6:7-இல் இயேசுவே அதைக் கண்டிக்கிறார்.

யாருக்கு எது?
ரோமர் நிருபம் போல நீண்ட வாதத்தைப் புரிந்துகொள்ள, பென்சிலோடு அமைதியாக உட்காருங்கள். பயத்திலோ துக்கத்திலோ மனம் ஒரு வரியில்கூட நிற்காதபோது 23-ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் மங்கிய பாட்டியோ எழுத்துப் படிக்காத குழந்தையோ வீட்டில் இருந்தால் சத்தமாக வாசிப்பதுதான் சரி, அவர்களுக்கு வேதம் உங்கள் குரலில்தான் வரும்.