ஐபிஎம் எம்க்யூவா, ராபிட்எம்க்யூவா?

ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு அனுப்பும் செய்திகளை வரிசையில் வைத்துக் கொண்டுசேர்க்கும் மெசேஜ் க்யூவைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் கேட்பது வேகத்தை. நான் முதலில் பார்ப்பது உரிமத்தையும் ஆதரவையும்தான். ஏனென்றால் க்யூவை ஒருமுறை நட்டுவிட்டால் பிடுங்குவது பெரும்பாடு.

ஐபிஎம் எம்க்யூ, எம்க்யூசீரிஸ் என்ற பெயரில் 1993இல் வந்தது. டெவலப்பர் பதிப்பு இலவசம். ஆனால் நிஜப் பயனர்களுக்கான ப்ரொடக்‌ஷனில் ஓட்ட முடியாது. அங்கே கட்டணம் ப்ராசஸர் கோர் கணக்கில் ஏறும். கோடு எழுதும் மாதங்களில் தெரியாத செலவு, நேரலைக்குப் போகும் நாளில் மொத்தமாக வந்து நிற்கும். அதனால் முதன்மை சர்வர் விழுந்தால் கைகொடுக்கும் ஸ்டேண்ட்பை சர்வரையும் சேர்த்து இப்போதே கணக்குப் போடுங்கள். கொடுக்கும் பணத்துக்கு, நீண்டகால ஆதரவுப் பதிப்பு குறைந்தது 5 ஆண்டுகள் தாங்கும். டேட்டாபேஸையும் க்யூவையும் ஒரே பரிவர்த்தனையில் இணைக்கும் (இரண்டும் சேர்ந்தே நிறைவேறும், அல்லது சேர்ந்தே ரத்தாகும்) எக்ஸ்ஏ வசதியும் உண்டு.

ராபிட்எம்க்யூ 2007இல் எர்லாங் என்ற நிரல்மொழியில் பிறந்தது. மொஸில்லா பொது உரிமம் 2.0 என்ற திறமூல உரிமம், உரிமச் செலவே இல்லை. எக்ஸ்ஏ கிடையாது. இலவசத் திருத்தங்கள் புதிய வெளியீட்டு வரிசைக்கே கிடைக்கும். பழையதிலேயே தங்க நினைத்தால் அதன் இப்போதைய உரிமையாளரான பிராட்காமிடம் ஆதரவு வாங்க வேண்டும். 2024இல் வந்த 4.0 பதிப்பு, க்யூவின் நகல்களைப் பல சர்வர்களில் வைக்கும் பழைய முறையான க்ளாசிக் க்யூ மிரரிங்கையே நீக்கிவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் பெரும்பான்மை சர்வர்களின் ஒப்புதலோடு நகல் வைக்கும் குவோரம் க்யூவுக்கு மாற வேண்டியதாயிற்று.

வங்கிப் பணப் பரிமாற்றம் என்றால் எம்க்யூவுக்கே என் ஓட்டு. ஆர்டர், அறிவிப்பு போன்ற வேலைகளுக்கு ராபிட்எம்க்யூ தாராளமாகப் போதும். புதிய பதிப்புக்கு மேம்படுத்தும் வேலைக்கு மட்டும் ஆண்டுதோறும் ஆள்நேரம் ஒதுக்கிவிடுங்கள்.